செவ்வாயும் தோஷமும்: ஓர் உபாத்தியாயர் கற்று வந்த பாடம்

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் சென்ற வாரம் ஒரு காரியமாகப் போயிருந்தோம். பொழுது இன்னும் விடியவில்லை. லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு மத்தியில், நமக்கு வெகு நாளாய்ப் பழக்கமுள்ள ஓர் உபாத்தியாயரைக் கையில் பையுடன் காண நேர்ந்தது. அவர் ஊரையும் பேரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஏனெனில், அவர் நம்மிடம் சொன்ன விஷயம் அவர் ஒருவருக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. இந்த நாட்டில் படித்தவர்கள் என்று பெயர் வாங்கியிருக்கும் பெரும்பாலோருக்கும் பொதுவானதாகும்.

சமீபத்தில் வானவெளிக் கல்வி சம்பந்தமாக உபாத்தியாயர்களுக்கென்று நடந்த ஒரு பயிற்சிக்கு அவர் 5 நாள் போய் வந்தாராம். "20 வருஷமாகச் சயன்ஸ் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். புஸ்தகத்தில் உள்ளதைப் பலகையில் எழுதிப் போட்டேனே ஒழிய, அது இன்னதென்று எனக்கே அந்த 5 நாளில்தான் விளங்கிற்று" என்றார். காலிப் புட்டியில் பாதித் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பினால் காற்றடைத்து, அதை ஆகாயத்தில் பாய விட்டுக் காட்டினார்களாம். தண்ணீர் கீழே பீறிடுகிற வேகத்தில் புட்டி மேலே போகிறது; இராக்கெட்டும் இதே விதிப்படிதான் போகிறது. ஒரு விளக்கையும் இரண்டு பந்துகளையும் வைத்துக்கொண்டு கிரகணம் உண்டாகும் விதத்தைக் காட்டினார்களாம்.

பேசிக்கொண்டே ஒரு பூசணிக்காய்க் குவியலின் அருகில் வந்து சேர்ந்தோம். அவர் அங்கேயே நமக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். "இந்தப் பூசணிக்காய் ஓரடி அகலம். இதுதான் சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நாம் குடியிருக்கும் பூமி ஒரு பெரிய கடுகு. அந்தக் கடுகை இங்கிருந்து 107 அடி தள்ளி வைக்கவேண்டும். சந்திரன் ஒரு கசகசா. அது கடுகுக்கு 3 அங்குலத்தில் இருக்கும். செவ்வாய் ஒரு கேழ்வரகு மணி. பூசணிக்காயிலிருந்து 160 அடிக்கும் அப்பால் அது சுற்றிக்கொண்டிருக்கும்" என்றார். மூட்டை தூக்கும் தோழர்கள் இருவர் நின்று கேட்டார்கள். கடைக்கார அம்மாளும் கேட்டார். யாருக்கும் விளங்காமல் போகவில்லை. நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்கள் அல்ல, நமக்கும் விளங்கிற்று. இத்தனை சுலபமான விஷயத்தை இவ்வளவு காலம் நமக்கு யாரும் சொல்லாமலிருந்தார்களே என்ற ஆத்திரமும் வந்தது.

பிறகு டீக் கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அங்கேதான் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றொரு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள். காலேஜில் படித்து உத்தியோகமும் பார்க்கிறாள். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று சொல்லி 3 வரன்கள் தட்டிப் போயினவாம். இவரும் ஜோசியர் சொன்னபடி பரிகாரத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாராம். பயிற்சியிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, பூசணிக்காய்க் கணக்கை வீட்டிலும் உற்சாகமாய்ச் சொன்னபோது அந்தப் பெண் கேட்டாளாம்: "அப்பா, பள்ளிக்கூடத்தில் செவ்வாயைக் கேழ்வரகு மணி என்கிறீர்கள். வீட்டில் அதையே எமன் என்கிறீர்கள். நான் எதை நம்புவது?"

"எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஐயா" என்றார் உபாத்தியாயர்.

தோழர்களே! இந்தக் கேள்வியைவிடப் பெரிய கேள்வி எந்தப் பயிற்சியிலும் கேட்கப்பட்டிருக்காது என்பது நமது அபிப்பிராயம். ஆகவே, அவருக்காக மாத்திரமின்றி எல்லோருக்குமாகவே இதற்குப் பதில் எழுதத் துணிகின்றோம்.

முதலாவது, செவ்வாய் என்பது என்ன? அது பூமியில் ஏறக்குறையப் பாதி அகலமுள்ள, சுமார் 6,780 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. சூரியனை ஒரு தடவை சுற்றி வர அதற்கு 687 நாள் ஆகிறது. நமக்கு மிகவும் கிட்டத்தில் வரும்போதுகூட அது சுமார் 5½ கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். அதன் சிவப்பு, கோபத்தினால் வந்த சிவப்பல்ல, இரத்தத்தின் சிவப்புமல்ல. அதன் மண்ணில் உள்ள இரும்பு துருப்பிடித்த சிவப்பு. பழைய இரும்புக் கடைத் தகரத்தில் நாம் தினமும் காணும் அதே துருவாகும்.

2013ஆம் வருஷம் நவம்பர் 5ந் தேதி இந்த நாட்டிலிருந்தே அந்தச் செவ்வாய்க்கு ஒரு கலத்தை அனுப்பினார்கள். அன்று என்ன கிழமை தெரியுமா? செவ்வாய்க்கிழமை! "செவ்வாய் வெறுவாய்" என்று சொல்லி நம் ஜனங்கள் பெண் பார்க்கக்கூடப் புறப்படாத அதே கிழமை. சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவில் போன அந்த மங்கள்யான், 2014ஆம் வருஷம் செப்டம்பர் 24ந் தேதி செவ்வாயை அடைந்து அதைச் சுற்ற ஆரம்பித்தது. 6 மாதம் உழைத்தால் போதும் என்று எண்ணி அனுப்பிய கலம், 2022இல் தொடர்பு அறும் வரையில் சுமார் 8 வருஷம் வேலை செய்தது. அந்த 8 வருஷமும் செவ்வாயின் படம் வந்ததே அல்லாமல், தோஷத்தின் படம் ஒன்றாவது வந்ததுண்டா? அந்த வேலையில் ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்ற பெண் இஞ்சினியர்கள் பலர் முன்னணியில் நின்றார்கள். பெண்கள் செவ்வாய்க்குக் கலம் அனுப்பும் நாட்டில், செவ்வாயைக் காட்டிப் பெண்களின் கல்யாணத்தைத் தடுத்து வைப்பது எவ்வளவு வெட்கக்கேடு என்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஜோசியர்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். லக்கினத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் எதிலாவது செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். மொத்த வீடு 12. அதில் 5 வீடு தோஷ வீடு. அப்படியானால் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் தோஷக்காரர்களாய்த்தானே இருக்க வேண்டும்? இது போதாதென்று சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் வேறு எண்ணச் சொல்லுகிறார்கள். அப்படி எண்ணினால் பாதிக்கு மேற்பட்ட ஜனங்கள் தோஷத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள். அவ்வளவு பேரையும் தள்ளி வைத்தால் கல்யாணமே நடக்காது. கல்யாணம் நடக்காவிட்டால் புரோகிதருக்கும் வரும்படி இல்லை. ஆகவேதான் அதற்கு ஒரு விலக்கு, இதற்கு ஒரு விலக்கு என்று விலக்குகளை வேறு எழுதி வைத்தார்கள். பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. நடுவில் காசு மாத்திரம் நம்முடையது!

அன்றியும், ஒரே ஊரில் ஒரே லக்கினத்தில் பிறந்த முஸ்லிம் பெண்ணும் கிறிஸ்தவப் பெண்ணும் ஜாதகமே பாராமல் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டிகளோடு வாழ்கிறார்களே, அவர்கள் என்ன வேறு வானத்தின் கீழா குடியிருக்கிறார்கள்? செவ்வாய் ஜாதி மதம் பார்த்தா தோஷம் கொடுக்கிறது? வயதும் படிப்பும் சம்பாத்தியமும் உள்ள ஒரு பெண்ணை, 5½ கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள துருப்பிடித்த உருண்டையைக் காட்டி மூலையில் உட்கார வைப்பது அந்தக் கிரகத்தின் கொடுமையல்ல, மனிதர்களின் கொடுமையேயாகும்.

மூன்றாவது, இராகு கேது. இந்த இரண்டும் வானத்தில் எந்த உருவமும் இல்லாதவை. சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்குப் பெயர்தான் இராகுவும் கேதுவும். இரண்டு ரோட்டு கூடும் முச்சந்திக்கு ஒரு பெயர் வைப்பது போல வைத்த பெயர் அது. அந்த முச்சந்தி பாம்பாகி, பாம்பு சூரியனை விழுங்குவதாகி, அதற்குத் தினம் 1½ மணி நேரம் காலமும் ஒதுக்கியாகிவிட்டது. கிரகணத்துக்குக் காரணம் நிழலே என்று ஆரியபட்டர் 1,500 வருஷங்களுக்கு முன்பே எழுதிவிட்டார். 1975ஆம் வருஷம் ஏப்ரல் 19ந் தேதி பறந்த இந்தியாவின் முதல் செயற்கைக் கோளுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பெயரை வானத்துக்கு அனுப்பினார்கள். அவர் சொன்ன அறிவு மாத்திரம் இன்னும் நமது வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

2019ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி வளையச் சூரிய கிரகணம் கோயமுத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாக நம் திருச்சிப் பக்கமும் வந்தது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். காலை 9½ மணியளவில் சூரியன் வளையல் போலத் தெரிந்தது. அதைக் காண அயல் நாடுகளிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். உள்ளூரிலோ கோயில் நடைகளைச் சாத்தினார்கள். கர்ப்ப ஸ்திரீகளை அறையில் வைத்துக் கதவை அடைத்தார்கள். காந்தி மார்க்கெட்டில் அன்றைக்கு இருந்த தக்காளியும் கீரையும் கிரகணத்தினால் கெட்டுப்போனதாக எந்த வியாபாரியாவது சொன்னாரா? வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டவர் யாராவது செத்தாரா? பஞ்சாங்கக்காரர்களுங்கூடக் கிரகணத்தைக் கணக்குப் போட்டுத்தானே சொல்லுகிறார்கள் என்று சிலர் சமாதானம் கூறலாம். மெத்தச் சரி. கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது பாம்பாக எப்படி இருக்க முடியும்? டைம் டேபிள்படி வந்து போகிற பாம்பை யாராவது கண்டதுண்டா? அடுத்த வளையக் கிரகணம் தென் தமிழ்நாட்டில் 2031ஆம் வருஷம் மே மாதம் 21ந் தேதி தெரியும் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். அன்றைக்காவது நம் பிள்ளைகள் தெருவில் நின்று, தகுந்த கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயில் தின்பண்டத்தோடு அதைப் பார்க்க வேண்டாமா?

நிற்க, "இராக்கெட் விடுகிற விஞ்ஞானிகளே கோவிலுக்குப் போகிறார்களே, நீங்கள் யார் சொல்ல?" என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2023ஆம் வருஷம் ஜூலையில் சந்திரயான் 3 புறப்படுவதற்கு முதல் நாள், அதன் பொம்மை உருவத்தைத் திருப்பதியில் கொண்டுபோய் வைத்து வணங்கி வந்தார்கள். ஆனால் 2019இல் சந்திரயான் 2 புறப்பட்டபோதும் சாமி அதே மலையில்தானே இருந்தார்? அந்த வருஷம் செப்டம்பரில் இறங்கு கலம் நிலவில் மோதி உடைந்தது ஏன்? 2023இல் பத்திரமாக இறங்கியது ஏன்? சாமி மாறவில்லை, கலம் மாறிற்று. கால்களைப் பலப்படுத்தினார்கள். அதிக எரிபொருள் வைத்தார்கள். கணக்கைத் திருத்தினார்கள். இறங்குவதற்கு முன்பு அரைக் கிலோமீட்டர்ச் சதுரம் ஒதுக்கியிருந்த இடத்தில் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் ஒதுக்கினார்கள். ஆகஸ்ட் 23ந் தேதி இறங்கியது அதனால்தான். அந்த வேலைக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர் விழுப்புரத்து வீரமுத்துவேல். சூரியனை ஆராயப் போன ஆதித்யா கலத்துக்குத் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி என்ற அம்மையார். இவர்களை உயர்த்தியது படிப்பும் உழைப்பும். விஞ்ஞானி ஒருவர் தம் சொந்த நேரத்தில் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளட்டும். ஆனால் ஜனங்களின் வரிப்பணத்தில் ஆகும் காரியத்துக்குச் சாமியின் அனுமதிச் சீட்டு தேவை என்பது போல நடந்து காட்டுவது, கிராமத்துப் பிள்ளைக்கு என்ன பாடம் கற்பிக்கும்? அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவில் 1976ஆம் வருஷமே எழுதியாகிவிட்டது. அந்தக் கடமை ஏழை உபாத்தியாயருக்கு மாத்திரந்தானா? பெரிய உத்தியோகஸ்தர்களுக்குக் கிடையாதா என்று கேட்கின்றோம்.

தோல்வி வரும்போது என்ன செய்வது என்பதற்கும் இந்த வானவெளித் துறையே நல்ல பாடம். 2022ஆம் வருஷம் ஆகஸ்ட் 7ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சிறிய இராக்கெட் புறப்பட்டது. நாடு முழுவதிலுமுள்ள 75 அரசாங்கப் பள்ளிகளின் 750 பெண் பிள்ளைகள் வேலை செய்து உருவாக்கிய ஆசாதிசாட் என்ற செயற்கைக் கோள் அதில் இருந்தது. மதுரை ஜில்லா திருமங்கலம் அரசாங்கப் பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் சேர்ந்தவர்கள். கோள் தவறான பாதையில் விழுந்து அழிந்துபோயிற்று. ஜோசியரிடம் போயிருந்தால் "கெட்ட வேளை" என்று சொல்லிப் பரிகாரம் எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் அவர்கள் தேடியது வேளையை அல்ல, பிழையை. இராக்கெட்டின் இரண்டாவது பாகம் கழன்றபோது உண்டான அதிர்ச்சியை அளக்கும் கருவிகள் சிறிது நேரம் தாங்கவில்லை என்றும், அதனால் கருவிகள் கெட்டுப்போனதாக யந்திரம் தப்பாக முடிவு செய்துவிட்டது என்றும் கண்டுபிடித்தார்கள். திருத்தினார்கள். 6 மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10ந் தேதி, மறுபடியும் 750 பெண் பிள்ளைகளின் கோள் புறப்பட்டு இடம் சேர்ந்தது. தோல்விக்குப் பரிகாரம் என்றால் இதுவல்லவா பரிகாரம்!

அமெரிக்காவில் நடந்த மற்றொன்றையும் உபாத்தியாயர்கள் அவசியம் அறியவேண்டும். வானவெளிக்கு ஓர் உபாத்தியாயரை அனுப்ப வேண்டும் என்று அங்கே தீர்மானித்தபோது 11,000க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பம் போட்டார்கள். 1985இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. மாதக் கணக்கில் பயிற்சி பெற்றார். வானத்திலிருந்தபடியே பிள்ளைகளுக்கு 2 பாடம் நடத்துவதாக ஏற்பாடு. 1986ஆம் வருஷம் ஜனவரி 28ந் தேதி, பள்ளிப் பிள்ளைகள் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, புறப்பட்ட 73வது விநாடியில் சாலஞ்சர் கலம் சிதறி அவரும் மற்ற 6 பேரும் மாண்டார்கள். காரணம், இராக்கெட்டின் இணைப்பில் வைத்திருந்த ஒரு இரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்துப்போனதே. கொடுமை என்னவென்றால், குளிரில் விடவேண்டாம் என்று இஞ்சினியர்கள் முதல் நாள் இரவே எச்சரித்தார்கள். மேலே உள்ளவர்கள் கேட்கவில்லை. "பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்ற மனப்பான்மை ஜோசியத்தில் மாத்திரமல்ல, விஞ்ஞானக் கூடத்திலும் புகுந்தால் உயிரை வாங்கும் என்பதற்கு இது சாட்சி. பிறகு விசாரணை நடந்தது, குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது, இணைப்பு மாற்றியமைக்கப்பட்டது. மெக்காலிஃபுக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த பார்பரா மோர்கன் என்ற ஆசிரியை 2007ஆம் வருஷம் ஆகஸ்டில் வானத்துக்குப் போய் அங்கிருந்து பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 21 வருஷம் காத்திருந்தும் அந்த ஆசிரியை பின்வாங்கவில்லை.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. இராமேசுவரத்துப் பள்ளிக்கூடத்தில் குருக்கள் மகனோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் பையனைப் பின் பெஞ்சுக்கு விரட்டினார் ஒரு புது உபாத்தியாயர். அந்தக் குருக்களே அவரை அழைத்து அதைக் கண்டித்தார். அதே ஊரில் சிவசுப்பிரமணிய அய்யர் என்ற சயன்ஸ் உபாத்தியாயர், வீட்டாரின் ஆட்சேபணையை மீறி, அந்தப் பையனைத் தம் வீட்டில் உட்கார வைத்துத் தம் கையாலேயே பரிமாறினார். பறவை பறக்கும் விதத்தைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டியவரும் அவரே. அந்தப் பையன்தான் திருச்சி செயிண்ட் ஜோசப் காலேஜில் படித்து, 1963இல் அமெரிக்காவுக்குப் போய் இராக்கெட் பயிற்சி பெற்று வந்த அப்துல் கலாம். அந்த வருஷம் நவம்பர் 21ந் தேதி தும்பாவிலிருந்து முதல் இராக்கெட் பறந்தது. அங்கே மாதா கோவில் ஒன்றே இராக்கெட் ஆபீசாயிற்று. மீன் பிடிக்கும் ஜனங்கள் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகவும் நாட்டின் அறிவுக்காகவும் இடத்தை விட்டுக் கொடுத்தார்கள். ஆகவே, ஓர் உபாத்தியாயர் பையனைப் பின் பெஞ்சுக்குத் தள்ளவும் கூடும். வானம் வரை தூக்கி விடவும் கூடும். இரண்டும் ஒரே ஊரில், ஒரே பள்ளியைச் சுற்றி நடந்தன. வித்தியாசம் படித்த படிப்பில் இல்லை, சுயமரியாதையில் இருக்கிறது.

எனவே, பயிற்சிக்குப் போய் வரும் உபாத்தியாயர்களை நாம் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. கற்றுக்கொண்டு வந்ததை வகுப்பறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். சந்தைக்கும் களத்து மேட்டுக்கும் கொண்டு வாருங்கள். ஒரு பூசணிக்காயும் ஒரு பிடி கடுகும் கேழ்வரகும் போதும். ஆயுத பூஜைக்கு நடு ரோட்டில் உடைத்து, வழியில் போகிறவர்களைச் சறுக்கி விழச் செய்யும் அதே பூசணிக்காயைப் பாடத்துக்கு உபயோகப்படுத்துங்கள். கிரகணத்தன்று பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து, கண்ணுக்குத் தகுந்த பாதுகாப்போடு காட்டுங்கள். அவர்களுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். முக்கியமாக, வகுப்பில் சொல்லும் உண்மையை வீட்டிலும் சொல்லுங்கள். வீட்டில் சொல்லப் பயப்படுகிறவர் வகுப்பில் சொல்வது பாடமாகாது. வயிற்றுப் பிழைப்பே ஆகும்.

பெண்ணைப் பெற்ற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாதகமும் புரோகிதரும் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைக் கல்யாணம் அண்ணாதுரை மந்திரி சபை காலத்தில், 1967ஆம் வருஷத்துச் சட்டத்தினால், பூரண சட்ட சம்மதம் பெற்றுவிட்டது. மாலை மாற்றிக்கொண்டாலும் மோதிரம் மாற்றிக்கொண்டாலும் அது செல்லும். மனம் ஒப்பிய இருவரைச் சேர்த்து வைப்பதற்கு செவ்வாயின் கையெழுத்து எந்தச் சட்டத்திலும் கேட்கப்படவில்லை.

நமது உபாத்தியாயர் அன்றைக்குக் கடைசியில் அந்தப் பூசணிக்காயை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். "உடைக்கவா, பாடம் நடத்தவா?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "முதலில் என் சம்சாரத்துக்கும் என் தாயாருக்கும் பாடம். அப்புறம் அந்தப் பெண்ணுக்குப் பதில்" என்று சொல்லிப் போனார். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அறிய ஆவலாய் இருக்கின்றோம்.

ஆனால் தோழர்களே, அவர் ஒருவர் சொல்லி முடிகிற பதிலா இது? இந்த ஜில்லாவில் இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் அதே கேள்வியை வாய் திறவாமல் மனதிற்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ! அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நாமும் நீங்களுந்தானே? எப்போது சொல்லப் போகிறோம்?